பட்டியலில் ஏழாவது பெயர்

கேப்டன் லாக்வுட் கண்ணாடி முன்னால் நின்று, அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த ஊர்க்காரர்களின் பட்டியலை ஒருமுறை வாசித்துப் பார்த்தார். "சார்ஜென்ட் ஈனோஸ் டில்" என்ற ஏழாவது பெயருக்குப் பக்கத்து அறையிலிருந்து பதில் வந்தது.

"இருக்கேன் கேப்டன்."

போய்ப் பார்த்தார். சாத்திய ஜன்னலும், கண்ணாடி வழியே விழுந்த மே மாத வெயிலும், எங்கிருந்தோ பைன் மரம் கருகும் நெடியும்தான் இருந்தன.

"லவீனியா, அடுப்புல என்ன தீயுது?" என்று மனைவியைக் கேட்டார்.

"அடுப்ப அணைச்சு ஒரு மணி நேரமாச்சுங்க. மெடலைக் குத்திக்கிட்டுக் கிளம்புங்க, நினைவு நாளும் அதுவுமா ஊரே காத்துக்கிட்டிருக்கு!"

அந்த மெடல் சண்டை முடிந்து முப்பது வருஷம் கழித்துத் தபாலில் வந்தது. மெடல்காரர் என்பதால் இந்த வருஷம் பெயர் வாசிப்பும் அவர் தலையில் விழுந்தது. செத்துப்போன ஈனோஸின் கையிலிருந்த கொடியை எடுத்துக்கொண்டு, எரிகிற வர்ஜீனியா காட்டுக்குள் படையை நடத்திப் போனாராம். வீரம் பொய்யில்லை, குண்டு மழையில் அவர் நடந்ததை நூறு பேர் பார்த்தார்கள். ஈனோஸ் அப்போது சாகவில்லை என்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. தொடையில் குண்டோடு கொடிக்கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "என்னையும் தூக்கிட்டுப் போங்க கேப்டன், நெருப்பு வருது" என்று கெஞ்சியவனின் பிடியைப் பலவந்தமாக விடுவித்துவிட்டுத்தான் நடந்தார். இதை மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை.

மண்டப வாசலில் ஈனோஸின் விதவை ஹெப்சி, வெள்ளைக் கையுறையோடு நின்றிருந்தாள்.

"வருஷா வருஷம் கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க கேப்டன் ஐயா. அவரு துடிக்காமத்தானே போனாரு?"

"பட்டுன்னு போயிட்டாம்மா."

மேடையில் ஒவ்வொரு பெயருக்கும் பார்னபஸ் கிழவர் முரசை ஒருமுறை தட்டினார். ஆறு பெயர்கள் முடிந்தன. ஏழாவது பெயரில் லாக்வுட் நிறுத்தி, காகிதத்தை மடித்து மறுபடி விரித்தார்.

"குண்டுக்குப் பயப்படாத மனுஷன், கூட்டத்தைக் கண்டா உதறுறான் பாரு!" என்று பார்னபஸ் கிசுகிசுத்தார்.

வாசித்தார்.

முரசு. அமைதி. பதில் இல்லை.

அப்பாடா என்றிருந்தது. எட்டாவது பெயருக்கு வாயெடுத்தார்.

முன்வரிசையில் ஹெப்சி பாவாடையை ஒதுக்கி யாருக்கோ இடம் விட்டாள். பெஞ்சு கிரீச்சிட்டது. அங்கே யாருமில்லை. காதைச் சாய்த்துக் கேட்டாள். வெகுநேரம். முகம் வெளுத்தது.

எழுந்தாள்.

"எவ்வளவு நேரம் எரிஞ்சாருன்னு சொல்றாரு, கேப்டன் ஐயா."

அவளுடைய வெள்ளைக் கையுறையில் கரி படிந்தது. ஒரு விரலின் தடம். இரண்டு. ஐந்து. மெல்ல இறுகிக்கொண்டிருந்தன.