அறைச் சத்தம்

பெரியவள் சொன்ன "ம், ஆரம்பி" அந்தப் பதிவில் இல்லை.

சின்னவள் சொன்ன "சரிக்கா" இருந்தது. அவள் தொண்டையைச் செருமியது இருந்தது. துணியை மேசைமேல் விரித்து உள்ளங்கையால் நீவியபோது எழுந்த சரசரப்புகூட, காதுக்குள்ளேயே யாரோ துணி மடிப்பதுபோல அத்தனை தெளிவாக இருந்தது. அதற்கு முன்னால், "ம், ஆரம்பி" இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை. அந்த இடத்தை மட்டும் கத்திரிக்கோலால் நறுக்கி எடுத்ததுபோல் இருந்தது.

பெரியவள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். யாரும் சொல்லாத சொல்லுக்குத் தங்கை தலையை ஆட்டி, "சரிக்கா" என்றாள்.

"என்னக்கா, நல்லா வந்திருக்கா?" மேசைக்கு அந்தப் பக்கமிருந்து சின்னவள் கேட்டாள்.

"வந்திருக்கு." பெரியவள் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. "உன் குரல் அம்சமா வந்திருக்கு."

முன்னறையின் சன்னல்கள் மூடியிருந்தன. சத்தம் வரும் என்று மின்விசிறியை நிறுத்தியாயிற்று. ஃபிரிட்ஜின் முனகல் கேட்கிறது என்று அதன் பிளக்கையும் பிடுங்கியாயிற்று. எதிரொலிக்காமல் இருக்கச் சுவர்களில் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். இஸ்திரி போட்ட துணியின் வாசனையும், மெஷின் எண்ணெயும், வியர்வையும் ஒன்றாகக் கலந்து, பிற்பகல் வெயிலில் அந்த அறை மூடிவைத்த பாத்திரம்போலப் புழுங்கிக்கொண்டிருந்தது. தெருவில் போகும் வண்டிகள்கூடத் தொலைவில் எங்கோ தண்ணீருக்கடியில் போவதுபோலத்தான் கேட்டன.

வீடியோவில் தையல் சொல்லிக்கொடுப்பது அவர்கள் தொழில். தைக்கத் தெரிந்தவள் பெரியவள். அளவெடுப்பது, வெட்டுவது, பேச வேண்டியதை வரிவரியாகச் சொல்லிக்கொடுப்பது, கேமராவுக்குப் பின்னால் கால்கடுக்க நிற்பது எல்லாம் அவள். சின்னவளுக்கு ஒரு பொத்தானை ஒழுங்காகத் தைக்க வராது. ஆனால் பேச வரும். ஊசியில் நூல் கோக்கிறதை அவள் சொன்னால்கூட ஊரே வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். முதல் சில வீடியோக்களில் பெரியவள்தான் பேசினாள். 'கை அருமை, குரல்தான் தகரத்தைத் தேய்க்கிற மாதிரி இருக்கு' என்று ஒரு புண்ணியவதி எழுதிவைத்தாள். அதற்குக் கீழே ஒரு கூட்டமே சிரித்துவிட்டுப் போனது. பிறகு ஒருநாள் காய்ச்சலில் படுத்தபோது பெரியவள் தங்கையைப் பேச வைத்தாள். அன்றோடு சரி. இப்போது கடைத்தெருவில் சின்னவளை நிறுத்திவைத்துப் பேசுகிறார்கள். பக்கத்தில் பையைச் சுமந்துகொண்டு நிற்கிறவள் யாரென்று ஒருத்தரும் கேட்பதில்லை.

வயிறு எரிந்தது. தண்ணீர் குடித்தால் அடங்குகிற எரிச்சல் இல்லை அது.

இந்த மைக்கை வாங்கி வந்தவன் அவள் கணவன். காலையில் டப்பாவைக் கொண்டுவந்தான். பெண்டாட்டி கையை நீட்டிக்கொண்டு நிற்க, மச்சினி கையில் கொடுத்தான். "உன் குரலுக்குன்னே பார்த்து வாங்கினேன்," என்றான். மனதில் கள்ளமில்லாத மனுஷன். அது பெரியவளுக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் எரியாமல் இருக்குமா? உனக்கென்றே வாங்கினேன் என்று அவன் தன்னிடம் ஒரு பொருளைக் கொடுத்து எத்தனை காலமாயிற்று என்று அவள் யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

டப்பாவில் கட்டைவிரல் பருமனில் இரண்டு காலர் மைக்குகள், ஒயர் இல்லாதவை. கேமராமேல் செருக ஒரு ரிசீவர். ரிசீவரின் குட்டித் திரையில் மைக்குக்கு ஒன்றாக இரண்டு பச்சைக் கோடுகள். பேசினால் எகிறும், பேசாவிட்டால் படுத்துவிடும். ஒன்று சின்னவளின் கழுத்துப்பட்டைக்கு. இன்னொன்று உபரி.

"முதல்ல அறைச் சத்தத்தை அதுக்குக் கேட்க வைக்கணும்," என்று கணவன் கூட வந்த காகிதத்தைப் பார்த்துச் சொன்னான். "இந்தப் பட்டனை அமுக்கிப் பிடிச்சா விளக்கு மினுக்கும். எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். அந்த நேரத்துல அது காதுல எது விழுதோ அதெல்லாம் வேண்டாத சத்தம்னு எடுத்துக்கும். அப்புறம் பதிவுல அது வரவே வராது."

பெரியவள்தான் மைக்கைக் கையில் எடுத்துப் பட்டனை அமுக்கினாள். சின்னவள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அதைக்கூட அழகாகச் செய்தாள். கணவன் ஓசையில்லாமல் சிரித்தான். பெரியவள் பெற்ற நாலு வயதுக் குட்டி, சித்தியைப் பார்த்துத் தானும் விரலை உதட்டில் வைத்துக்கொண்டது. அங்கேதான் பெரியவளுக்குப் பொறுக்காமல் போயிற்று. மைக் வாய்க்கு நேராக இருப்பதை மறந்து, பல்லைக் கடித்தபடி முனகித் தீர்த்தாள். வெட்டுறது நான், தைக்கிறது நான், பேரு மட்டும் இவளுக்கு. புருஷனும் இவ பக்கம், பெத்த பிள்ளையும் இவ பக்கம். இந்த வீட்ல நான் எதுக்கு.

அவள் முனகி முடிக்கும்வரை விளக்கு பொறுமையாக மினுக்கிக்கொண்டிருந்தது. முடித்ததும் நின்று எரிந்தது. அவள் பேச்சை அந்த வீட்டில் ஒன்று கடைசிவரை கேட்டது, ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான்.

அது இப்போது, பதிவைக் கேட்டபிறகுதான், அவளுக்கு உறைத்தது. டப்பாவிலிருந்து இரண்டாவது மைக்கை எடுத்து வாயருகே வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு," என்றாள். பச்சைக் கோடு படுத்தே கிடந்தது. "நீ இதுல பேசு," என்று தங்கையிடம் நீட்டினாள்.

"ஹலோ," என்றாள் சின்னவள். கோடு துள்ளி எழுந்தது.

"காலையில நான் ஏதோ முனகினேன். அதைப் பிடிச்சு வச்சுக்கிச்சு போல. என் குரலை வேண்டாத சத்தம்னு எடுத்துக்கிச்சு."

சின்னவள் சிரித்தாள். "விடுக்கா, நல்லதுதானே. பின்னாலேர்ந்து நீ குடுக்கிற குரலையெல்லாம் வெட்டி எடுக்கிற வேலை மிச்சம்."

வெகுளியாகத்தான் சொன்னாள். வெகுளியாகச் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. பெரியவள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளறையில் கணவன் போனைப் பார்த்தபடி சாய்ந்திருந்தான். "என்னங்க, டீ போடவா?" என்று வாசலில் நின்று கேட்டாள். அவன் நிமிரவில்லை. இது ஒன்றும் புதிதில்லை. கையில் போன் இருந்தால் அவனுக்கு இடி விழுந்தாலும் தெரியாது. இன்னும் கிட்டே போய், "காது அடைச்சுப்போச்சா?" என்றாள். அவன் கன்னத்தைச் சொறிந்துகொண்டான். மேசைமேலிருந்த டம்ளரை எடுத்து ணங்கென்று வைத்தாள். திடுக்கிட்டுப் பார்த்தான்.

"எப்ப வந்தே? பூனை மாதிரி வந்து நிக்கிறே."

"ரெண்டு தடவை கூப்பிட்டேன்."

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பதிலுக்குக் காத்திருக்கிறவன்போல.

"ஏன், வாயைத் திறக்க மாட்டியா?" என்றான். "எப்பப் பாரு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு. என்ன கோபம்னு சொன்னாத்தானே தெரியும்."

"சொல்லிக்கிட்டுதான இருக்கேன்."

"சரி, சொல்லாட்டிப் போ," என்று அவன் போனுக்குத் திரும்பினான்.

வேண்டுமென்றே செய்கிறானா? தங்கையும் சேர்ந்துகொண்டு இரண்டு பேரும் விளையாடுகிறார்களா? முன்னறையிலிருந்து சின்னவள் குட்டிக்கு ஏதோ கதை சொல்லும் குரல் மிதந்து வந்தது. தொங்கவிட்ட போர்வைகள், மூடிய கதவு எல்லாவற்றையும் தாண்டி, தேனொழுகுகிற மாதிரி வந்தது. கணவன் போனைத் தாழ்த்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டான். முகத்தில் ஒரு சிரிப்பு.

பயம் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பயத்தை முந்திக்கொண்டு பழைய எரிச்சல் வந்தது. மறுபடி பட்டனை அமுக்கிப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் போதும், மைக் புதிதாக அறைச் சத்தத்தைக் கேட்டு எல்லாம் சரியாகியிருக்கும். அவளுக்கு அது தோன்றாமல் இல்லை. தோன்றியதை ஒதுக்கிவைத்தாள். அவளுக்கு வேறொன்று வேண்டியிருந்தது.

அவ குரலும் வேண்டாத சத்தம் ஆகட்டும். அவளும் தெரிஞ்சுக்கட்டும்.

இரண்டாவது மைக்கையும் தன் போனையும் எடுத்துக்கொண்டு, துணி அடுக்கிய சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெட்டி மிஞ்சிய துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. வெளிச்சம் கதவிடுக்கில் ஒரு கோடாக மட்டும் வந்தது. அதுவும் மாலையாகி மங்கிக்கொண்டிருந்தது. புதுத்துணியின் கஞ்சி வாசனை மூக்கை அடைத்தது. போனில் தங்கை பேசிய வீடியோ ஒன்றை ஓடவிட்டு, மைக்கை அதன்மேல் வைத்து, பட்டனை அமுக்கிப் பிடித்தாள்.

"வணக்கம், இன்னைக்கு நாம கழுத்து வெட்டுறது எப்படின்னு பார்க்கப்போறோம்," என்றது சின்னவளின் குரல்.

விளக்கு மினுக்கவில்லை.

இன்னும் அழுத்தினாள். தங்கை பேசிக்கொண்டே இருந்தாள், கொஞ்சினாள், சிரித்தாள். விளக்கு செத்துக் கிடந்தது. சலிப்பில் பெரியவள் பெருமூச்சு விட்டாள்.

மினுக்கியது.

அவள் அசையாமல் நின்றாள். விளக்கு அணைந்தது. மூச்சை இழுத்தாள். மினுக்கியது. வளையல் நழுவிக் கிணுங்கியது. மினுக்கியது. கையிலிருந்த மைக் இளஞ்சூடாக இருந்தது, காது மடலைத் தொட்டதுபோல.

விரலை எடுத்தாள். மினுக்கியது.

மைக்கை மூட்டைமேல் எறிந்தாள். எறிந்த சத்தத்துக்கும் மினுக்கியது. மூச்சை அடக்கினாள். அடக்கியதும் நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்டது. தடக். விளக்கு. தடக். விளக்கு. தடக்.

பிறகு நின்று எரிந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். காலடி கேட்கவில்லை. வளையல் கேட்கவில்லை. கதவு சுவரில் மோதியது. மோதியதைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

முன்னறையில் விளக்கைப் போட்டிருந்தார்கள். சின்னவள் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். குட்டியின் சட்டையில், இப்போதுதான் உள்ளே எறிந்துவிட்டு வந்த இரண்டாவது மைக் மாட்டியிருந்தது.

எப்படி வந்தது. யார் எடுத்தார்கள்.

"அக்கா எங்..." என்று சின்னவள் தொடங்கினாள். பெரியவள் நின்ற இடத்தை நேராகப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். "என்னவோ சொல்ல வந்தேன். மறந்துபோச்சு."

பெரியவள் தங்கையின் தோளைப் பிடிக்கப் போனாள். கை போகவில்லை. பயம். தொட்டும் தெரியாமல் போனால்? கேமராவுக்குப் பின்னால் போய் நின்றாள். அவள் எப்போதும் நிற்கிற இடம். ஹெட்ஃபோனை எடுத்து மாட்டினாள். அதற்குள்ளாவது தன் மூச்சு கேட்குமா என்று பார்த்தாள்.

கேட்கவில்லை. ஆனால் தங்கையின் மூச்சும் மகளின் மூச்சும் கேட்டன. காதுக்குள்ளேயே இருந்தார்கள்.

"மைக் வேலை செய்யுதான்னு பார்ப்போம். இந்த வீட்ல யாரெல்லாம் இருக்காங்க, சொல்லு," என்றாள் சின்னவள்.

"அப்பா," என்றது குட்டி. பச்சைக் கோடு துள்ளியது. "சித்தி. நான்."

"அப்புறம்?"

குட்டி நிமிர்ந்து கேமராவுக்குப் பின்னால் பார்த்தது. நேராக, அவள் கண்ணைப் பார்த்தது. உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. அந்த வாய் அந்த வார்த்தைக்கு எப்படிக் குவியும் என்று பெரியவளுக்குத் தெரியும். அது முதன்முதலாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

கோடு எழவில்லை. அந்த இடத்தில் ஒன்றுமில்லை. நறுக்கி எடுத்ததுபோல.

குட்டி ஒரு நிமிஷம் குழம்பிப்போய்ப் பார்த்தது. பிறகு சித்தியின் சங்கிலியைப் பிடித்து விளையாடத் தொடங்கிவிட்டது.

"அவ்வளவுதான்," என்றது.

உள்ளேயிருந்து கணவன் வந்தான். நேராக அவளிடமே வந்தான். அவள் முகத்துக்கு எதிரே நின்று இரண்டு கைகளையும் அவள் கன்னங்களுக்குக் கொண்டுவந்தான். அப்பாடா, பார்த்துவிட்டான். கண்ணில் நீர் முட்டியது. "என்னங்க," என்றாள்.

அவன் ஹெட்ஃபோனை எடுத்தான். ஆணியில் மாட்டியிருந்ததை எடுப்பதுபோல எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டு, அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

சின்னவள் உதட்டில் விரலை வைத்தாள். குட்டியும் வைத்துக்கொண்டது.

பெரியவள் குனிந்தாள். ஹெட்ஃபோனை ஒட்டி, அவன் காதோடு வாயை வைத்தாள். கத்தினாள். அவன் பெயரை. குட்டியின் பெயரை. தன் பெயரை. தொண்டை நரம்பு புடைக்க, வாய் கிழிய.

அவன் கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டான். திரையில் இரண்டு கோடுகளும் படுத்துக் கிடந்தன.

"சுத்தமா இருக்கு," என்றான். "பின்னால ஒரு சத்தமும் இல்லை. ம், ஆரம்பி."