முந்திக்கொண்ட நகல்

ஸ்க்ரூடிரைவரால் மேசையைத் தட்டப் போனான். தட்டுவதற்கு முன்பே கிட்டார் ஒலிபெருக்கியான ஆம்ப்பில் 'டொக்' என்று கேட்டது.

ரிப்பேர்காரன் கையை அந்தரத்தில் நிறுத்தினான். சீ, மனப்பிரமை என்று தலையை உதறிக்கொண்டு தட்டினான். டொக். இந்த முறை மேசையில் மட்டும்.

மேசைமேல் இருந்த கோரஸ் பெடல் பெட்டியின் பிழைப்பே ஏமாற்று வேலைதான். கிட்டாரின் சத்தத்துக்கு ஒரு நகலெடுத்து, கண்ணிமைக்கும் நேரம் பிந்தி வெளியே விட்டு, ஒன்றை இரண்டாகக் காட்டும். எவ்வளவு பிந்துவது என்பதை உள்ளே ஒரு கடிகாரச் சில்லு துடித்துத் துடித்துத் தீர்மானிக்கும். அந்தத் துடிப்பைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு குமிழ் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டிருந்தார். இவன் திருகைப் பொருத்திவிட்டு, கைக்கு அகப்பட்ட பொடி கெப்பாசிட்டரைப் பற்றவைத்துவிட்டான். துடிப்பு எகிறியது. பிந்த வேண்டிய நகல் முந்திக்கொண்டது.

அப்படியெல்லாம் நடக்காது என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் உருகிய ஈயத்தின் வாடையும் மதிய வெயிலின் புழுக்கமும் அடைத்துக்கொண்ட அந்த அறையில், ஆம்ப்பின் மெல்லிய இரைச்சலுக்கு அடியில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போல இருந்தது.

அணைத்துத் தொலைக்க வேண்டியதுதானே? மாட்டான். கிட்டாருக்குப் பதில் சொருகியிருந்த மைக்கை மகளிடம் நீட்டினான். ஆறு வயது. இரண்டு நாளாக மூச்சிழுப்பு, பள்ளிக்கூடம் போகாமல் பாயில் படுத்திருந்தாள்.

"ஏ வாலு, நீ பேசறதுக்கு முன்னாடியே இது பேசும், பாரு."

"போங்கப்பா, புளுகு!" என்றது ஆம்ப்.

"போங்கப்பா, புளுகு!" என்றாள் அவள். ஒரு கணம் மிரண்டாள். பிறகு கைகொட்டிச் சிரித்தாள்.

"இன்னும்ப்பா, இன்னும்!"

அவளைச் சிரிக்க வைத்து மூச்சு வாங்க வைக்காதீர்கள் என்று மனைவி வேலைக்குக் கிளம்பும்போது படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பாவி, திருகினான். ஒரு நொடி முந்தியது. பத்து நொடி. கடைசிவரை திருகினான். ஒரு நிமிஷம்.

ஆம்ப்பில் சிரிப்பு இருமலானது. இருமல் மூச்சிழுப்பின் விசிலானது. 'புஸ்' என்று இன்ஹேலரை அழுத்தும் சத்தம். விசில் நிற்கவில்லை. இன்னொரு 'புஸ்'. விசில் நின்றது.

அப்புறம் ஓர் ஆண் குரல். "வாலு... ஐயோ, கண்ணத் தொறடி..."

அவன் குரல்.

எதிரே மகள் மைக்கைப் பிடித்தபடி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போதும்டி! சிரிக்காத!"

இருமினாள். அலமாரிக்கு ஓடினான். இன்ஹேலரை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் விசில் தொடங்கிவிட்டது. வாயில் வைத்து அழுத்தினான். புஸ்.

அடங்கவில்லை.

"இன்னொண்ணு... அப்பா..."

கட்டைவிரல் மேலேயே நின்றது. இறங்கவில்லை. இரண்டாவது. அதற்குப் பிறகுதான் அந்தக் குரல். அழுத்தாவிட்டால்? உதடு நீலம் பூத்தது. அழுத்தினால்?

"அடிங்கப்பா..."

ஏன் தரமாட்டேன் என்கிறார் என்று புரியாமல் அவனையே பார்த்தாள். கோபம்கூட இல்லை. பிறகு மைக்கை மடியில் போட்டுவிட்டு, இரண்டு பிஞ்சுக் கைகளையும் அவன் கட்டைவிரல் மேல் வைத்து அழுத்தினாள்.

புஸ்.

விசில் நின்றது. ஆம்ப்பில் அவன் அழுதுகொண்டே இருந்தான்.