ரெண்டு காலும் அரிக்குதா?

போன் அலறியது!

எட்டு பவர்லூம்களும் 'சடக்... சடக்...' என்று போட்ட சத்தத்தையும் மீறி அலறியது.

சங்கரசுப்பு எடுத்தார். அறுபத்தாறு வயது. சங்கரன்கோவிலில் அந்தத் தறிக்கூடத்தின் சொந்தக்காரர். பெற்ற பிள்ளையையே பாதிதான் நம்புகிற ஆள்.

"யாரு?"

"அண்ணாச்சி... ரெண்டு காலும் அரிக்குதா?"

வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டிருந்த சங்கரசுப்புவின் கை அப்படியே நின்றது.

"ஏலே, யாருலே நீ?"

"நேத்து வெரிகோஸுக்கு ஊசி போட்டீங்கள்லா... அது மருந்து இல்ல. விஷம்! குப்பியை மாத்தி எடுத்துட்டாங்க. நான் அங்கன வேலை பாக்குறவன். மனசாட்சி உறுத்துது..."

"என்னலே உளறுத?"

"இன்னைக்கு அரிக்கும். நாளைக்கு எரியும். நாலாம் நாள்... உங்க பக்கத்துத் தெரு இசக்கிப்பாண்டி இதே ஊசிதான் போட்டாரு. நாலாம் நாள் போயிட்டாரு. ஞாபகம் இருக்கா?"

சங்கரசுப்பு போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட போனா மூடி மறைப்பாங்க. போலீசுக்குப் போனா நேரம் போயிரும். உங்க வாசல் மீட்டர் பெட்டி மேல ஒரு பொட்டலம் இருக்கு. முறிவு மருந்து. ஊசி போடத் தெரிஞ்ச ஆளை வச்சு சாயங்காலத்துக்குள்ள போட்டுக்கிடுங்க. இல்லன்னா..."

கட்!

சங்கரசுப்பு நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போனார். மீட்டர் பெட்டியின் மேல் கையை விட்டார்.

பொட்டலம் இருந்தது!

உள்ளே ஒரு புது சிரிஞ்சு. லேபிள் இல்லாத ஒரு சின்னக் குப்பி.

அரிப்பு முழங்கால் வரை ஏறியது. ஆயிரம் எறும்புகள் ஒரே நேரத்தில் கடித்தது போல.

*

முப்பத்தைந்து வருடம் தறிக்கு முன்னால் நின்ற கால்கள் அவை. நரம்பு சுருண்டு, மண்புழு போல வெளியே தெரிந்தது. நேற்றுத்தான் டாக்டர் ஜெபசுந்தரிடம் போனார்.

"ரெண்டு கால்லயும் போட்டிருவோம்" என்றார் டாக்டர்.

"இடது கால்ல மட்டும் போடும். நான் உசிரோட இருந்தா மத்த காலை அடுத்த மாசம் பாப்போம்."

டாக்டர் சிரித்துவிட்டார். "சரி. ஊசி போட்ட இடம் ரெண்டு நாள் லேசா அரிக்கும். பயப்படாதீங்க."

வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த இறுக்கமான சாக்ஸ் ஜோடியில் ஒன்றை நர்ஸ் ஜெனிபா இடது காலில் முழங்கால் வரை மாட்டினாள். இன்னொன்றையும் சங்கரசுப்பு கேட்டு வாங்கி, வலது காலில் தானே இழுத்துக்கொண்டார்.

"அந்தக் கால்ல ஊசியே போடலியே பெரியப்பா!"

"ஜோடியாத்தானே காசு குடுத்து வாங்கியிருக்கு? ஒண்ணு சும்மா கெடக்கவா?"

அவ்வளவுதான் நடந்தது. நேற்று வீடு வரும்போதே லேசாக அரித்தது; இன்று காலை சாப்பாட்டுக்குப் பிறகு தாங்க முடியாமல் போனது.

*

"ஏட்டி! இங்கன வா!"

மனைவி முப்பிடாதியம்மாள் ஓடி வந்தாள். போன் விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"கோமதி தாயே! வெள்ளிக்கிழமை பத்திரம் பதியணும்... அதுக்குள்ள இப்படியா?"

தறிக்கூடத்தை இளைய மகள் அபிதா பேரில் எழுதுவதாக ஏற்பாடு. இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

"அழாதட்டி. இசக்கிப்பாண்டி எப்படிச் செத்தான்?"

"பைக்குல போயி லாரியில மோதில்லா செத்தாரு!"

"ஊசிதான் போயி லாரியைக் கூட்டிட்டு வந்துச்சோ?"

முப்பிடாதி கீழே உட்கார்ந்தாள். அவர் காலிலிருந்த சாக்ஸ் இரண்டையும் உருவினாள். கோவில் புற்று மண்ணைத் தண்ணீரில் குழைத்து இரண்டு கால்களிலும் அப்பினாள். தோலில் எது வந்தாலும் அந்த ஊரில் முதல் வைத்தியம் அதுதான்.

கால் மணி நேரம்.

அரிப்பு அடங்கியது!

"பாத்தீங்களா? அம்மன் காப்பாத்திட்டா!"

காலைக் கழுவித் துடைத்துவிட்டு, சங்கரசுப்பு மறுபடியும் சாக்ஸைப் போட்டார்.

இரண்டே நிமிடம்.

மறுபடி அரித்தது... இரண்டு கால்களும்!

சங்கரசுப்பு சாக்ஸைக் கழற்றினார். உட்புறத்தை வெளியே திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெகு நேரம் பார்த்தார். முகம் கறுத்தது.

பிறகு இரண்டு போன் பேசினார்.

முதல் போன் மூத்த மருமகன் சுடலைராஜுக்கு. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் மாடுகளுக்கு ஊசி போடுகிறவன். குடும்பத்தில் ஊசி பிடிக்கத் தெரிந்த ஒரே கை.

இரண்டாவது போன் யாருக்கு என்று மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை.

*

பிற்பகல் மூன்று மணி. தறிகள் எல்லாம் நின்றிருந்தன. அந்த அமைதி நன்றாக இல்லை.

பைக்கை நிறுத்திவிட்டு சுடலைராஜ் உள்ளே வந்தான். வெயிலில் முகமெல்லாம் வேர்வை.

"மாமா! விஷமாமே? அந்த டாக்டரை சும்மா விடக்கூடாது!"

"அவரை அப்புறம் பாப்போம். மொதல்ல வேர்வையைத் தொடையும் மாப்ள." நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

சுடலைராஜ் முகத்தைத் துடைத்தான். கழுத்தைத் துடைத்தான்.

குப்பியைப் பார்த்தான். சிரிஞ்சில் மருந்தை ஏற்றினான். கை நடுங்கவே இல்லை.

"கையை நீட்டுங்க மாமா. சுருக்குன்னு இருக்கும். அவ்வளவுதான்... எல்லாம் முடிஞ்சிரும்."

சங்கரசுப்பு கையை நீட்டினார்.

ஊசி முனை நெருங்கியது. ஒரு சாண்... நாலு விரல்... ஒரு விரல்...

"மாப்ள! ஒரு சந்தேகம். டாக்டர் லேசாத்தான் அரிக்கும்னாரு. இது ஏன் இப்படிப் பிடுங்குது?"

"ரெண்டு கால்லயும் விஷத்தை ஏத்தினா பிடுங்காம என்ன செய்யும்?"

"ரெண்டு காலா?"

சங்கரசுப்பு கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"ஊசி போட்டது இடது கால்ல மட்டும்லா!"

சுடலைராஜின் முகம் வெளிறியது.

"நேத்து என்னை ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிவிட்டுட்டு மாட்டைப் பாக்கணும்னு ஓடிட்டீரு. உள்ள நான் டாக்டர்கிட்ட மல்லுக்கட்டினது உமக்குத் தெரியாது. ரெண்டு காலுன்னு சொன்னது ரெண்டே பேரு. போன்ல பேசினவன் ஒருத்தன். இப்ப நீரு ஒருத்தர்!"

"மாமா, என்ன பேசுதீங்க? யாரோ சொன்னாங்க..."

"திருநெல்வேலியில இருந்து சாக்ஸ் வாங்கிட்டு வந்தது யாரு? உள்ள, பட்டாலே அரிக்கிற பூனைக்காலிக் காயோட சொணையைத் தேய்ச்சது யாரு? ஊசி போடாத காலும் ஏன் அரிக்குதுன்னு அப்பதான் புரிஞ்சுது வே!"

"ஐயோ மாமா, சத்தியமா..."

"சரி, சத்தியம் வேண்டாம். முறிவு மருந்துதானே? உம்ம கையில ஒரு சொட்டு போட்டுக் காட்டும். மிச்சத்தை எனக்குப் போடும்."

சுடலைராஜ் பின்வாங்கினான். சிரிஞ்சு கை நழுவிக் கீழே விழுந்தது.

வாசல் பக்கம் பாய்ந்தான்!

நூல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பூட்ஸ் கால் நீண்டது. குப்புற விழுந்தான். நிமிர்ந்தபோது எதிரே இன்ஸ்பெக்டர் ஷிரின் பானு!

அந்த இரண்டாவது போன்!

கான்ஸ்டபிள் பைக் பெட்டியைத் திறந்தார். காய்ந்த பூனைக்காலிக் காய்கள். பாதி காலியான ஒரு பாட்டில். ஷிரின் பானு மூடியைத் திறந்து முகர்ந்தார். மீட்டர் பெட்டிக் குப்பியையும் முகர்ந்தார்.

"ரெண்டும் ஒரே வாடை. களைக்கொல்லி! பெரியவர் செத்திருந்தா ஊரே டாக்டரைத்தான் கல்லால அடிச்சிருக்கும். உன்னை எவனும் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டான். எதுக்குய்யா?"

"வெள்ளிக்கிழமை பதிஞ்சிட்டா எல்லாம் அபிதாவுக்கு..." சுடலைராஜ் பல்லைக் கடித்தான். "அதுக்கு முந்தி இவர் போனா, ஒரு பங்கு எம் பொண்டாட்டிக்கு!"

முப்பிடாதியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எம் மூத்த மகளுக்கு நான் என்ன சொல்லுவேன்..." என்று முனகினாள். சங்கரசுப்பு அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அவருக்கும் கண் கலங்கிவிடும்.

கையைப் பின்னால் மடக்கி விலங்கு மாட்டினார்கள்.

அப்போதுதான் சுடலைராஜ் நெளியத் தொடங்கினான்.

கழுத்தைத் தோளில் தேய்த்தான். கன்னத்தைச் சுவரில் தேய்த்தான். அவன் கண்கள், முகம் துடைத்த அந்தத் துண்டைத் தேடின. அந்தச் சாக்ஸுகளின் உட்புறத்தை அதில் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் மாமனார் நீட்டியிருந்தார்!

"மேடம்! கையை அவுத்து விடுங்க! ஒரு நிமிஷம்! உசிரு போகுது, அரிக்குது!"

சங்கரசுப்பு நொண்டிக்கொண்டே ஜீப் வரை வந்தார். மருமகனின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"பயப்படாதேயும் மாப்ள... ரெண்டு நாள் அரிக்கும்னு டாக்டரே சொல்லியிருக்காரு!"