தூண் நின்ற இடம்

மழையில் நனைந்த செருப்பைக் கையில் பிடித்தபடி பூர்ணிமா கிடங்குக்குள் நுழைந்தபோது, முன்பின் தெரியாத ஒருவன் மேடையில் முட்டிபோட்டு உட்கார்ந்து அவளுடைய நடனத்தைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தான்.

அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. உண்மையில் அவன் சுரண்டியது டேப்பை. ஆடுவதற்காக விரித்திருந்த கறுப்பு விரிப்பின் மேல், அவள் மடித்து மடித்து ஒட்டிவைத்திருந்த துணி டேப். பாதி ஏற்கெனவே அவன் கையில் சுருண்டு கிடந்தது.

"ஏங்க... யாரு உங்கள அத எடுக்கச் சொன்னது?"

அவன் நிமிர்ந்தான். கேட்ட கேள்வியை அவசரமில்லாமல் உள்ளே வாங்கி, கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிற கண்கள்.

"குப்பைன்னு நெனச்சேன். மேடு மேடா இருந்துது. யாராவது கால் தடுக்கி விழுந்துட்டா..."

"தடுக்கணும்னுதான் ஒட்டினேன்."

அவன் கையிலிருந்த டேப்பைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நீங்க... டான்ஸ் ஆட வந்தவங்கதான?"

கிண்டலா, நிஜமாகவே கேட்கிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

பழைய துறைமுகத்துப் பக்கம் இருந்த அந்தச் சரக்குக் கிடங்கில் மாதம் ஒரு சனிக்கிழமை நடன மாலை நடக்கும். முதல் பாதி உள்ளூர்க் கலைஞருக்கு. இடைவேளைக்குப் பிறகு ஊர் ஊராகப் போய் ஆடும் ஒரு குழுவுக்கு. இந்த மாதம் வந்திருந்தது ஹேமலதாவின் குழு. உள்ளூர் ஆட்டம் மனசுக்குப் பிடித்துவிட்டால், அதை ஆடியவரைத் தன்னோடு அடுத்த ஊர்களுக்கு அழைத்துக்கொண்டு போவது ஹேமலதாவின் வழக்கம். அந்த ஒரு வழக்கத்தை நினைத்துத்தான் பூர்ணிமா பல வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. சேதராப்பட்டில் சுவிட்ச் செய்கிற கம்பெனியில் வேலை. ஞாயிறுதோறும் இந்தக் கிடங்கில் பயிற்சி. இன்றைக்காகக் கூட வேலை செய்யும் அஞ்சலாட்சி அக்காவின் காலில் விழாத குறையாக ஷிப்டை மாற்றி வாங்கியிருந்தாள்.

வழக்கமாக விளக்கு போடும் விஜய்க்குக் காய்ச்சல். அவனுக்குப் பதிலாகக் காலையில்தான் இவனைப் பிடித்திருக்கிறார்கள். மரிய அருண். நோணாங்குப்பம். மாதா கோயில் திருவிழாக்களில் தேருக்கு சீரியல் செட் விளக்கு போடுகிறவன். நடன மேடையில் அவன் கால் வைப்பதே இன்றைக்குத்தான்.

"உக்காருங்க," என்றாள். "மறுபடி ஒட்டணும். நான் கண்ண மூடிக்கிட்டு நடப்பேன். கால் நிக்கிற எடத்துல ஒட்டுங்க."

"கண்ண மூடிக்கிட்டா?"

"இருட்டுல ஆடுறேன். கண்ணுக்கு வேலை இல்ல. கட்டை விரல் டேப்பத் தொட்டா திரும்பணும்னு அர்த்தம்."

"திரும்பலன்னா?"

பூர்ணிமா மேடையின் பின்பக்கத்தைக் காட்டினாள். விரிப்பு முடிகிற இடத்தில், கூரையைத் தாங்கிக்கொண்டு ஒரு பழைய இரும்புத் தூண் நின்றது. அகற்ற முடியாத தூண். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கண்களை மூடினாள். வெறுங்காலால் நடந்தாள். அவன் தரையோடு தரையாகக் கூடவே நகர்ந்து வந்தான்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் உள்ள."

"இங்க?"

"ம்..."

அவன் விரல் அவள் கால்மேல் படவில்லை. ஆனால் பக்கத்தில் இருக்கிறது என்பது தெரிந்தது... இமைக்குள் இருட்டு. மேலே தகரத்தில் மழை. கீழே, டேப்பைப் பல்லால் கிழிக்கும் சின்னச் சத்தம். கடைசி இடத்துக்கு வந்ததும் கண்ணைத் திறந்தாள். அவன் தரையிலிருந்து அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்வையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவளும்தான்.



*

ஒத்திகையில்தான் எல்லாம் கெட்டது.

அவளுடைய ஆட்டம் ஒரு ஷிப்டு. எடுப்பது, பொருத்துவது, அழுத்துவது, தள்ளுவது... கைகள் அதையே செய்துகொண்டே போகும், உடம்பு மொத்தமும் கையாக மாறும்வரை. பிறகு கம்பெனிச் சங்கு ஊதும். சங்கு ஓய்ந்ததும் முழு இருட்டு. அந்த இருட்டில் அவள் ஓசையில்லாமல் மேடையைக் கடந்து, டேப்பில் திரும்பி, பின்மூலையில் போய்ப் படுத்துவிடுவாள். மறுபடி மெஷின் சத்தம் தொடங்கும்போது விளக்கு வரும். நின்ற இடத்தில் ஆள் இருக்காது.

சங்கு ஓய்ந்தது. இருட்டு வரவில்லை. தூணின் பக்கம் நீலமாக ஒரு மங்கல் வெளிச்சம் மிச்சமிருந்தது.

அவள் நடுவிலேயே நின்றாள்.

"அந்த நீலம் எதுக்கு?"

விளக்கு மேசையிலிருந்து அவன் குரல் வந்தது. "கொஞ்சூண்டுதான். தூண் தெரியட்டும்னு."

"ஜனங்களுக்கும் நான் தெரிவேன்."

"தெரிஞ்சா என்னாங்க? அடிபடறதுக்கு அது பரவால்லயே."

பூர்ணிமா மேசை வரைக்கும் வந்தாள். அவனுக்குப் பக்கத்தில் ஒலியைக் கவனித்தபடி பெர்னதெத் மதாம் உட்கார்ந்திருந்தார். இந்த மாலைகளை நடத்துகிறவர். நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கம்பெனில எங்க லைன்ல லைட்டே அணையாது," என்றாள் பூர்ணிமா. "மேல கேமரா. எதிர்க்க சூப்பர்வைசர் கண்ணாடி ரூம். தும்முனாக்கூட ஒருத்தர் பாப்பாரு. இந்த டான்ஸ்ல அந்த ஒரு எடத்துலதான் என்னைய யாரும் பாக்கறதில்ல. அதுக்காகத்தான் மீதி எல்லாத்தையும் ஆடுறேன்."

அவன் விரல் விளக்குப் பிடிமேலேயே இருந்தது.

"எங்க வேலைல ஒண்ணே ஒண்ணுதாங்க. தேர் கெளம்புனதுலேர்ந்து திரும்புற வரைக்கும் மாதா முகத்துல இருட்டு விழக்கூடாது. சின்ன வயசுலேர்ந்து கை அப்படியே பழகிடுச்சு. முழுசா அணைக்க வரல."

"இது தேர் இல்ல. நான் செலையும் இல்ல. செல தானா நடக்காது. நான் நடப்பேன்."

"நீங்க நடப்பீங்க. தூண் நகராதே."

"நீங்க லைட்டு போட வந்தீங்க. என்னக் காப்பாத்த வரல."

சொன்ன பிறகு, சொன்னது அவளுக்கே சுட்டது. அவன் முகம் மெல்ல அடங்கியது, விளக்கைக் குறைத்துக்கொண்டே வருவது போல.

"அலோர்... சரி," என்றார் பெர்னதெத் மதாம், "ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. இல்லன்னா அந்த இருட்ட வெட்டிடுவோம்."

"வேணாம் மதாம்," என்றான் அவன். "முழு இருட்டு. அவ்ளோதான?"

"அவ்ளோதான்."

அதற்குப் பிறகு அவர்கள் பேசவில்லை. நாற்காலி போட்டார்கள், திரை கட்டினார்கள், ஹேமலதாவின் ஆட்கள் வந்து உடம்பை வளைத்துப் பழகினார்கள். அந்தச் சத்தமெல்லாம் சுற்றிச் சுற்றி வந்தது. இவர்கள் இருவருக்கும் நடுவே இருந்த மௌனத்தை மட்டும் தொடவில்லை. ஒருமுறை அவள் திரும்பி வந்தபோது, அவளுடைய பைக்குப் பக்கத்தில் டீ கிளாஸ் ஒன்று இருந்தது. ஈ மொய்க்காமல் மேலே ஒரு காகிதம். யார் வைத்தது என்று கேட்கத் தேவையில்லை. அவள் குடிக்கவில்லை. ஒரு வார்த்தை... மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? அவளும் சொல்லவில்லை. டீ ஆறியது.

*

மாலையில் மழை வலுத்தது. இருந்தும் நாற்காலிகள் நிறைந்திருந்தன.

பாதி ஆட்டம்வரை எல்லாம் சரியாகப் போனது. எடுப்பது, பொருத்துவது, அழுத்துவது, தள்ளுவது... சுற்றித் திரும்பிய ஒரு நொடியில்தான் அதைப் பார்த்தாள். தூணின் அடியில் விரிப்பு பளபளத்தது. கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. தண்ணீர் விரிப்பில் ஓடி, டேப்பைக் கிளப்பி ஓரத்துக்குத் தள்ளியிருந்தது. செத்த ஓணான் போல அது சுருண்டு கிடந்தது.

நிறுத்த முடியாது. முதல் வரிசையில் ஹேமலதா.

கைகள் தம் வேலையைச் செய்துகொண்டே இருந்தன. அவள் மனம் விளக்கு மேசையைத் தேடியது. எதிரே கண்ணைக் குத்தும் வெளிச்சம், அதற்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. அந்த நீலம்... நீங்க வச்ச அந்த நீலத்த இப்ப வைங்க... கொஞ்சூண்டு போதும்... மதியம் தன் வாயால் துரத்திய வெளிச்சத்தை இப்போது மனசுக்குள் கெஞ்சிக் கேட்டாள்.

சங்கு ஊதியது. ஓய்ந்தது.

முழு இருட்டு.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். ஒரு பொட்டு நீலம் இல்லை. அவள் கேட்ட இருட்டு, அவள் சண்டைபோட்டு வாங்கிய இருட்டு, நாலாபுறமும் வந்து நின்றது. கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

நடந்தாள். கட்டை விரல் தடவிக்கொண்டே போனது. வழவழப்பு... வழவழப்பு... ஈரம். டேப் இல்லை. தாண்டிவிட்டேனா, இன்னும் வரவில்லையா? தகரத்து மழையில் திசைகூடக் கரைந்தது. நின்றுவிடலாம் என்று நினைத்தாள். நின்றால் வெளிச்சம் வந்து, பயந்து நிற்கிறவளைக் காட்டிக்கொடுத்துவிடும். கையை முன்னால் நீட்டி, அடுத்த எட்டு வைத்தாள். ஈரத்தில் கால் வழுக்கியது.

இரும்பு படவில்லை.

சட்டை. ஈரமான பருத்திச் சட்டை. அதற்குக் கீழே ஒரு நெஞ்சு. ஓடி வந்தவனைப் போல அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அவளைப் பிடிக்கவில்லை, தள்ளவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூணுக்கு முன்னால் நின்றான், அவ்வளவுதான். அவள் உள்ளங்கைக்குள் அவன் இதயம் அடித்தது.

இனித் திசை தெரியும். இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவள் திரும்பினாள். கை மட்டும்... கை மட்டும் அங்கேயே இருந்தது.

மெஷின் சத்தம் தொடங்கிவிட்டது. கையை அவன் நெஞ்சிலிருந்து விலக்கினாள். தூணுக்குப் பின்னால், திரைக்குள் அவன் நகரும் சலசலப்பு. விளக்கு வந்தது.

படுத்திருக்க வேண்டியவள் நின்றுகொண்டிருந்தாள். மூலைக்குப் போகவில்லை. ஒரு கை இன்னும் நீண்டிருந்தது. அதன் முன்னால் வெறும் தூண்.

எல்லாம் போச்சு என்று நினைத்தாள். கைதட்டல் உடனே வரவில்லை. வந்தபோது நெடுநேரம் ஓயவில்லை.

*

திரைக்குப் பின்னால் ஹேமலதா வந்தார். பூர்ணிமா தலை நிமிரவில்லை.

"அந்த எடத்துல நீ படுத்துக்கணும்னுல்ல மதாம் சொன்னாங்க?"

"ஆமாக்கா. தப்பாயிடுச்சு."

"தப்புதான்." ஹேமலதா அவள் மோவாயைத் தொட்டு நிமிர்த்தினார். "அத மாத்திடாத. அந்தக் கை எனக்கு வேணும். அடுத்த வாரம் காரைக்கால், அப்புறம் தஞ்சாவூர். வர்றியா?"

தலையாட்டினாளா, வாயால் சொன்னாளா என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. பைக்குப் பக்கத்தில் இருந்த டீ கிளாஸை எடுத்துக்கொண்டு கிடங்கின் பின்வாசலுக்குப் போனாள்.

தகரத் தாழ்வாரத்தின் கீழே அவன் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான், உடம்பில் போட்டபடியே. காலில் செருப்பு இல்லை.

"லைட்ட யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

"மதாம்கிட்ட. சங்கு ஓஞ்சதும் அணைங்க, மெஷின் சத்தம் கேட்டதும் மேல தள்ளுங்கன்னு சொல்லிட்டு, வெளிய மழைல சுத்தி பின்வாசல் வழியா ஓடி வந்தேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"ஒழுகறது மேசைலேர்ந்தே தெரிஞ்சுது. டேப்பு கெளம்புறதும். நானே ஒட்டுன டேப்பு, தெரியாதா?"

"நீலத்தப் போட்டிருக்கலாமே."

"முழு இருட்டு தரேன்னு சொல்லிட்டேன்."

"அப்புறம் எதுக்கு வந்து நின்னீங்க?"

அவன் வழக்கம்போல அந்தக் கேள்வியை உள்ளே வைத்துப் பார்த்தான்.

"இருட்டு வேணும்னு சொன்னீங்க. தூணுகிட்ட நிக்கக் கூடாதுன்னு சொல்லலியே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் மழையைப் பார்த்தார்கள். தகர விளிம்பிலிருந்து தண்ணீர் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. பேச்சில்லாத நேரம் மதியமும் இருந்தது. இது அந்த மௌனம் இல்லை.

"மதாம் லைட்ட கொஞ்சம் சீக்கிரமா போட்டுட்டாங்க போல," என்றான் அவன் மெதுவாக. "நீங்க மூலைக்குப் போறதுக்குள்ள... அதுக்கும் நாந்தான் காரணம். மன்னிச்சுக்குங்க."

"மதாம் சரியாத்தான் போட்டாங்க."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"லேட்டானது நான்," என்றாள் பூர்ணிமா. குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. "திரும்பற பக்கம் தெரிஞ்சிடுச்சு. போயிருக்கலாம். கைய எடுக்க மனசு வரல."

மழை. அவன் கண்களில் நனைந்த வெளிச்சம். உள்ளே இடைவேளைக் கூட்டம் சளசளத்தது.

"நானும் நகர்ந்திருக்கலாம்," என்றான் கடைசியில். "மெஷின் சத்தம் எனக்கும் கேட்டுது."

அவள் டீயை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ஐயோ, அது ஆறிப்போயிருக்கும்."

"தெரியும்." குடித்தாள். "ஹேமலதா அக்கா காரைக்காலுக்குக் கூப்புட்டாங்க. கடைசில அந்தக் கைய மாத்தக் கூடாதாம்."

"நல்லதுதான..." என்றான். நல்லது என்கிற முகம் அது இல்லை. "அங்க தூண் இருக்குமா?"

"தெரியல. தூண் இல்லன்னா பரவால்ல." கிளாஸின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க இல்லன்னா எனக்கு அந்தக் கை வராது."

உள்ளேயிருந்து பெர்னதெத் மதாமின் குரல் கேட்டது. "அருண், லைட்டு..."

அவன் போகவில்லை. கிளாஸை அவள் கையிலிருந்து வாங்கி, மிச்சமிருந்த ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தான். பிறகு வெறுங்காலோடு உள்ளே ஓடினான். வாசலைத் தாண்டும்போது மட்டும் நின்றான்.

"அடுத்த வாரம் எந்த பஸ்ஸு?"