சத்தமில்லாத ஏழு நிமிடம்

நாலாவது படி கிறீச்சிட்டது. கீழே யாரும் இல்லை.

றுஸைனா மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். கீழே மிளகும் ஏலமும் கராம்பும் மூட்டை மூட்டையாக அடுக்கிய கடை. காலையில் கலேவெலைக்குப் போன அவள் புருஷன் ஷிஃபான் அதைப் பூட்டிச் சாவியையும் கையோடு கொண்டுபோயிருந்தான். கடையிலிருந்து மாடி வீட்டுக்கு ஏறும் பதினொரு மரப்படிகளில் நாலாவது மட்டும், அதுவும் ஆள் மிதித்தால்தான், சத்தம் போடும். பின்னேரம் நாலு மணிக்கே மழை ஊரை இருட்டாக்கியிருந்தது. ஈரத்துக்கு மரம் ஊதியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனசு கேட்கவில்லை. எழுந்து போய்ப் படிக்கதவின் கொண்டியைப் போட்டுவிட்டு வந்தாள்.

மகள் அம்றா பாயில் படுத்து வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. பிறவியிலேயே காது கேளாது. அவளுக்காகத்தான் றுஸைனா சத்தங்களை எழுதத் தொடங்கினாள். அடுப்படியில் குக்கர் விசில், பள்ளிவாசலில் பாங்கு, தெருவில் பஸ் ஹோர்ன் என்று துண்டுத் தாள்களில் எழுதிக் காட்டக் காட்ட, பிள்ளைக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. உம்மா எழுதினால் அந்தச் சத்தம் இருக்கிறது; எழுதாவிட்டால் இல்லை. ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

அந்தப் பழக்கமே பிறகு வேலையாகவும் ஆனது. வெளிநாட்டுப் படங்களைக் கொண்டுவந்து ஊரூராகக் காட்டும் ஒரு சின்னப் படவிழா சனிக்கிழமை மாத்தளைக்கு வருகிறது. காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு காட்சி. பேச்சை மட்டுமல்ல, சத்தங்களையும் தமிழில் சப்டைட்டிலாகப் போடும் பொறுப்பு றுஸைனாவுக்கு. அம்றாவும் அவளுடைய வகுப்பும் முன் வரிசையில் உட்காரப் போகிறார்கள்.

படம் எங்கோ ஒரு பனிநாட்டில் எடுத்தது. முடிவில் ஒரு சிறுமி மூடிய கதவுக்கு எதிரே ஏழு நிமிடம் உட்கார்ந்திருக்கிறாள். கேமரா அசையாது. ஒரு சத்தமும் இல்லை. பிறகு எழுந்து கதவைத் திறந்து வெளியே போகிறாள். திறந்த கதவும் அதற்கப்பால் இருட்டுமாகப் படம் முடிந்துவிடுகிறது. றுஸைனா மூன்று தடவை பார்த்தாள். ஏழு நிமிடம் எழுத்தே இல்லாவிட்டால் பிள்ளைகள் படம் நின்றுவிட்டது என்று நினைக்கும், அம்றா எழுந்து ஓடிவிடும். அதனால் நேற்று தன்பாட்டுக்கு நாலு வரி சேர்த்தாள். வேறு எங்கே போய்ச் சத்தம் தேடுவது? தன் வீட்டிலிருந்தே எடுத்து எழுதினாள்:

மரப்படி கிறீச்சிடுகிறது. ஈரக் காலடிகள் மேலே ஏறுகின்றன. கதவுக்கு வெளியே மூச்சு. உம்மா கூப்பிடுகிறார்.

போன் அடித்தது. விழாவைப் பார்த்துக்கொள்ளும் இந்திரகுமார்; நேற்று அவள் அனுப்பியதைப் பார்த்திருந்தார். வேலை நல்லா வந்திருக்கு என்று புகழ்ந்துவிட்டு, கடைசியில் தயங்கினார்.

"அந்த ஏழு நிமிஷத்துல எனக்கு ஒன்னுமே கேக்கலங்க. உங்களுக்குக் கேட்டுச்சா?"

பொய் என்று ஒத்துக்கொண்டால் வேலை போய்விடும் என்ற பயம் முந்திக்கொண்டது.

"கேக்குது. மெல்லமாத்தான் கேக்குது," என்றாள்.

அவர் நம்பிவிட்டார். போனை வைத்தபோது வாய் கசந்தது. வெட்கமாக இருந்தது. இன்றைக்கே அந்த நாலு வரியையும் அழித்துவிட வேண்டும் என்று திரும்பினாள்.

அம்றா மடிக்கணினியின் முன்னே உட்கார்ந்திருந்தாள். நிறுத்திய இடத்திலிருந்து படம் ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் இரண்டாவது வரி வந்தது.

கீழே தண்ணீர் சொட்டும் கால் ஒன்று படியில் பதிந்தது. இன்னொன்று. கனமும் இல்லை, அவசரமும் இல்லை. மிளகு வாசனையை அமுக்கிக்கொண்டு நனைந்த சாக்கின் நாற்றம் கதவிடுக்கால் ஏறி வந்தது. றுஸைனா எண்ணினாள். ஏழு. எட்டு. அப்போதுதான் புரிந்தது, படத்தை அவள் நிறுத்தியதே முதல் வரி வந்த இடத்தில்தான்.

மடிக்கணினிக்கு ஓடுவதா, கதவுக்கு ஓடுவதா? கால் கதவுக்கு ஓடியது. முதுகைப் பலகையில் அழுத்தி நின்றாள்.

பத்து. பதினொன்று.

நின்றுவிட்டது.

அறையின் மறுகோடியில் மூன்றாவது வரி. பலகையின் அந்தப் பக்கம், சரியாக அவள் பிடரிக்கு நேரே, யாரோ மூச்சு விட்டார்கள். மெல்லமாகத்தான் கேட்டது.

கையை ஆட்டினாள். மூடு, மூடு என்று சைகை காட்டினாள். அம்றா நிமிரவில்லை. திரையில் அந்தச் சிறுமி எழுந்துகொண்டிருந்தாள்.

நாலாவது வரி.

அம்றா வாசித்தாள். எழுந்தாள். கதவை நோக்கி வந்தாள்.

றுஸைனா தோளைப் பிடித்தாள். பிள்ளை அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தது. கூர்ந்து பார்த்தது. பிறகு வேற்று ஆள் தொட்டதுபோல் உதறிக்கொண்டு, சின்ன விரல்களால் கேட்டது.

உம்மா வெளியில நிக்கிறாங்க. நீங்க யாரு?

றுஸைனா மகளின் பேரைச் சொல்லிக் கத்தினாள். வாய் திறந்தது. தொண்டை வலித்தது. அறைக்குள் சத்தம் வரவில்லை.

"அம்றா."

அவளுடைய குரல்தான். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

எட்டு வருஷமாக ஒரு சத்தத்துக்கும் திரும்பாத பிள்ளை, தலையைத் திருப்பிச் சிரித்தது. எட்டிக் கொண்டியைத் தூக்கியது.