வைரஸ் அறைக்கு இரண்டு கதவு

இன்டர்காம் அலறியது!

வைரஸ் அறைக்குள் தனியாக வேலையில் இருந்த லேப் ஊழியர் நர்மதா எடுத்தாள்.

"அம்மணி... கதவைத் திறந்து பாரு."

முதலாளி சிவக்குமாரின் குரல்.

இழுத்தாள். கதவு அசையவில்லை!

நாமக்கல்லின் அந்தக் கோழித் தடுப்பூசிக் கம்பெனியில் வைரஸ் அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காது. வெளிக்கதவின் இடுக்கில் தன் செருப்பைச் சொருகியிருந்தார் மனுஷன்.

"என்னங்க சார் விளையாட்டு?"

"கோழியைக் கொல்ற ஒரிஜினல் வெள்ளைக்கழிச்சல் வைரஸ் சோதனைக்குன்னு உள்ள இருக்குதில்ல? ஒரு பாட்டில் குடு. எருமப்பட்டிப் பண்ணைக்காரனுக நம்ம மருந்தைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறானுக. நாலு ஷெட்டுல கோழி செத்தா ஓடியாருவானுக!"

"மாட்டேனுங்க!"

"அப்ப ஃபார்மலின் புகையை உள்ளார உடறேன். அறையைச் சுத்தம் பண்றப்ப நீ இருந்ததே தெரியாதுன்னு சொல்லிக்கறேன்."

மேலேயிருந்து புகை இறங்கியது. கண் எரிந்தது... தொண்டை அடைத்தது... கத்தினாலும் வெளியே கேட்காது. செல்போனுக்கு உள்ளே அனுமதியில்லை. என்ன செய்வாள், பாவம்!

"நிறுத்துங்க சார்... தாரேன்!"

கோழிக்கரு செல்களில் வைரஸ் வளர்ந்திருந்த பாட்டில் ஒன்றை, பொருள் கைமாற்றும் சுவர்ப்பெட்டி வழியாக வெளியே தள்ளினாள். டிரைவர் ராசு அதோடு எருமப்பட்டிக்குப் பைக்கில் பறந்தான்.

புகை நின்றது. கதவு மட்டும் திறக்கவில்லை!

ஒருவழியாக சிவக்குமாரின் செல் ஒலித்தது. ராசுதான்.

"கோழி குடிக்கிற தண்ணித் தொட்டில ஊத்திட்டேனுங்க!"

சிவக்குமார் இன்டர்காமில் சிரித்தார்.

"நான் போயிட்டு வாரேன் அம்மணி. மிச்சப் புகையையும் உட்டுட்டு..."

"இருங்க சார்! நான் குடுத்தது ஒரிஜினல் இல்லீங்க. அது இன்னும் என் கையிலதான் இருக்குது. ப்ளீச்சிங் தண்ணில கவுக்கட்டுங்களா?"

"அடிப்பாவி! கவுத்துராத!"

பேராசை யாரை விட்டது? செருப்பை உருவி, வெளிக்கதவைச் சாத்தி, உள்கதவைத் திறந்து பாய்ந்தார் சிவக்குமார்.

முகத்தில் ஸ்பிரிட்டைப் பீச்சினாள் நர்மதா!

அவர் கண்ணைக் கசக்குவதற்குள் வெளியே ஓடி உள்கதவை அறைந்து சாத்தினாள். வெளிக்கதவை அகலத் திறந்து அங்கே கிடந்த முட்டை அட்டை அடுக்கை முட்டுக் கொடுத்தாள். போலீசுக்கு போன் போட்டாள்.

மறுபடி இன்டர்காம். இந்த முறை உள்ளேயிருந்து!

"அம்மணி... திறந்து உடு சாமி! அப்ப ராசு என்னத்தத்தான் ஊத்துனான்?"

"நம்ம தடுப்பு மருந்துல போடற சாது வைரஸுங்க சார். அத்தனை கோழிக்கும் உங்க செலவுல மருந்து குடுத்தாச்சு. இனி எருமப்பட்டிக்காரங்க நம்மகிட்ட வாங்க வேண்டியதே இல்லீங்க!"