கெஞ்சத் தெரியாதவள்

"என்னைய விட்டுட்டுப் போக உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? சொல்லுங்க... நான் என்ன பாவம் செஞ்சேன்?"

முத்தையாபுரம் பேருந்து நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கிய கிரேசி, சுவரைப் பார்த்துக் கதறிக்கொண்டிருந்தாள்.

பக்கத்திலிருந்து ஒரு கைக்குட்டை நீண்டது.

"அழாதீங்க... அவன் கெடக்கான், விடுங்க."

திரும்பினாள். நனைந்த முடி, பதறிப்போன கண்கள்... யார் இவன்?

"ஹலோ! நான் கோயில் திருவிழா நாடகத்துக்கு வசனம் பாடம் பண்ணுதேன்!"

அவன் அசடு வழிந்தான். பிறகு சிரித்தான். "அதானே... நெசமா கெஞ்சுறவங்க இவ்வளவு கணீர்னு கேக்க மாட்டாங்க."

"ஓ... நீங்க ரொம்பக் கெஞ்சியிருக்கியளோ?"

"அப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்ப டாக்டர்ட்ட கேட்டேன். 'சார், வேற ஒண்ணும் செய்ய முடியாதா'ன்னு... அவ்வளவுதான்."

கிரேசிக்குச் சுருக்கென்றது. மழை விட்டும், பேருந்து வந்து போயும், இருவரும் பேசிக்கொண்டே நின்றார்கள்.

அவன் பெயர் பெனிஸ்டன். கப்பலில் இன்ஜினியர், விடுமுறையில் வந்திருந்தான். அதன் பிறகு ஒத்திகை முடியும் மாலைகளில் எல்லாம் கோயில் வாசலில் 'தற்செயலாக' நின்றான். அவளும் தற்செயலாகவே சிரித்தாள்...

ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னான். "கப்பல்ல கூப்பிட்டுட்டாங்க. நாடகத்தன்னைக்கே ரயில் ஏறணும்."

'போகாதே...' நெஞ்சு அடித்துக்கொண்டது.

"நல்லபடியா போய்ட்டு வாங்க," என்றாள் வெடுக்கென்று. மேடையில் ஊருக்கே முன்னால் கெஞ்சலாம். ஒருத்தனிடம் போய்... மாட்டாள்! வீம்பு. அவன் முகம் வாடியதைப் பார்த்தும் பாராதவள்போல் நடந்தாள்.

நாடகத்தன்று கூட்டமே விம்மியது. அவள் கண்களோ கடைசி வரிசைவரை தேடித் தோற்றன. திரை விழுந்ததும் ஆட்டோ பிடித்தாள்.

ரயில் நிலையத்தில், பெட்டி வாசலில் நின்றிருந்தான் பெனிஸ்டன். முகத்தில் மேக்கப்போடு மூச்சிரைக்க ஓடி வந்தவளைப் பார்த்துத் திகைத்துக் கீழே குதித்தான்.

"போகாம இருக்க முடியாதா?"

முடியாது என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் கேட்டாள். "உங்களைய எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அதான் கேக்கேன்..."

அவன் கண்கள் கலங்கின. "போய்த்தான் ஆகணும் கிரேசி. ஆனா... நாளைக்கு எங்கம்மா வந்து உங்கப்பாட்ட பொண்ணு கேக்கட்டுமா? வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீங்களேன்..."

"நாளைக்கு எதுக்கு?" கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இப்பவே போகச் சொல்லுங்க. அப்பா நாடகம் பாத்து இன்னும் அழுதிட்டு இருப்பாரு... இந்த நேரம் யார் என்ன கேட்டாலும் சரின்னுருவாரு!"